வாளி நிறையப் பாசி

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

தண்ணீரில் மிதக்கும் எள்ளளவுச் செடி, லெம்னா. அதன் விதைக்குள் கரு எப்படி உருவாகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆனால் சனியன், லேசில் பூக்காது. பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். ஆய்வகத்து விளக்கடியில் எவ்வளவோ கெஞ்சியும் பூக்காதது, ஸ்ரீவராகத்தில் எங்கள் கொல்லைத் தொட்டியில் பூத்துவிட்டது! தினமும் லென்ஸோடு குனிந்து, காய்த்ததை ஊசியால் எடுத்து மருந்துக் குப்பியில் போடுவேன். உருண்டைக் கரு வரைக்கும் கிடைத்துவிட்டது. அதில் வித்திலை எழும்பும் கட்டம் மட்டும் பாக்கி. அது இல்லாமல் ஆய்வேடு இல்லை. பதிவுக் காலமோ முடியப்போகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொசுவுக்குப் பயந்து தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டும் ‘டிரை டே’. நான் கிழக்கேகோட்டையில் காய் வாங்கித் திரும்புகிறேன், தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு மாமா, குடியிருப்போர் சங்கச் செயலாளர், கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

“ஒரே பாசி. நானே களைஞ்சுட்டேன், கேட்டியா? கொசுக் கூத்தாடி வரும் அல்லே?”

“ஐயோ மாமா! கொசு முட்டையிடக் கூடாதுன்னுதானே வலை போட்டு மூடி வச்சிருந்தேன்!”

“வலையை மடிச்சு வச்சிருக்கேன்.”

“அது பாசி இல்லே, பூக்கிற செடி!”

“பூவா? பூஜைக்கு ஆகுமோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டித் தண்ணீர் போன சாக்கடை ஓடைக்கு ஓடினேன். யார் வீட்டுச் சோப்புத் தண்ணீரோ எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. நேரே அவர் வீட்டுக்குள் நுழைந்து, ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்த தண்ணீர்த் தட்டை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அதில் கூத்தாடிப் புழுக்கள் நெளிந்தன. ஊருக்குத்தான் உபதேசம்! மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் மாமா ஒரு வாளியோடு வந்தார்.

“கொளத்துலேந்து எடுத்துண்டு வந்திருக்கேன். உன்னோடதைவிட ஜாஸ்தி. சமாதானம்தானே?”

நானும் ஒரு பைத்தியம். வெளிச்சம் போகும்வரை லென்ஸை வைத்துத் தேடினேன். மறுநாளும் தேடினேன். அந்த வாரம் முழுக்கத் தேடினேன். வாளி நிறைய அதே செடிதான். ஒரு பூ இல்லை, ஒரு காய் இல்லை. இனி எப்போது பூக்குமோ, அதற்குள் என் பதிவு முடிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு காலை, அந்த வாளியைத் தூக்கிப்போய் அவர் வாசல் கோலத்தின்மேல் கவிழ்த்தேன்.

“இன்னிக்கு டிரை டே அல்லே, மாமா?”