சொன்னவனுக்குப் பிளாஸ்டிக்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை. வரும் மூட்டைகளில் வேர்க்கடலைக் காயை உடைத்து, பருப்பை வாயில் போட்டுப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். அப்படிப் போட்டதில் ஒருநாள் கல் இருந்தது. கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது.

வலி தாங்காமல் பக்கத்துப் பல் கிளினிக்குக்கு ஓடினேன். போனதும் முதல் வேலையாக, எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது என்று சொன்னேன். ரத்ததான முகாமுக்குப் போய்த் தெரிந்துகொண்ட விஷயம் அது. கல்லீரலில் தங்கும் கிருமி, ரத்தத்தின் வழியாகத் தொற்றும், ரத்தம் படுகிற இடத்தில் மறைக்காதே என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறைத்தால் எனக்கும் தூக்கம் வராது.

அங்கிருந்த பெண்ணின் முகம் மாறியது. "சார், நீங்க கடைசில வாங்க. எல்லாரும் போனப்புறம் பாத்துக்கலாம்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. நோயாளியின் வாயில் விட்ட அதே கையுறையோடு டாக்டர் விளக்கை இழுத்தார், டிராயரைத் திறந்தார், செல்போனில் பேசினார், மறுபடி வாய்க்குள் கை. அடுத்த ஆளுக்குக் கையுறை மட்டும் மாறியது. விளக்கின் கைப்பிடியை யாரும் துடைக்கவில்லை. என் முறை வந்தபோதோ நாற்காலி, விளக்கு, தட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கால் சுற்றியிருந்தார்கள், பிணத்தைக் கட்டுகிற மாதிரி.

"எனக்கு முன்னாடி வந்தவருக்கும் இது இருந்தா என்னா டாக்டர் பண்ணுவீங்க?"

"இருந்தா சொல்லியிருப்பாரே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முகாமுக்குப் போகாவிட்டால் நானும்தான் சொல்லியிருக்க மாட்டேன். "எனக்குப் பண்றத எல்லாருக்கும் பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கோபம் பல்லைப் பிடுங்குமா? வீட்டுக்கு வருவதற்குள் வலி உயிரை எடுத்தது.

"நாளைக்கு விழுப்புரம் போ. அங்கயும் அதையே சொல்லிக்கினு நிக்காத. பேசாம பல்லைப் புடுங்கிக்கினு வா," என்றாள் மனைவி.

சரி என்றுதான் பஸ் ஏறினேன். சொன்னால் ஒதுக்குவார்கள். சொல்லாமல் விட்டால், எனக்குப் பிறகு வருகிறவருக்குத் தொற்றிவிட்டால்? வழி முழுக்க இதே யோசனை.

விழுப்புரம் கிளினிக்கில் எனக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர். அவர் எழுந்து போனதும் உதவிக்கு இருந்த பெண், விளக்கின் கைப்பிடியில் சுற்றியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துப் போட்டாள். நாற்காலியை மருந்து போட்டுத் துடைத்தாள். ஈரம் காயும்வரை என்னை உட்கார விடவில்லை. புதுத் தாளைச் சுற்றிவிட்டு, ஆவியில் சுத்தம் செய்து ஒட்டிவைத்திருந்த கருவிப் பையை என் கண்ணெதிரில் கிழித்தாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்கிறதா என்று டாக்டரம்மா விசாரித்தார்.

"நான் கடைசில வரட்டுங்களா?"

"எதுக்குங்க? யாருக்கு என்னா இருக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் பண்றோம். வாயைத் தெறங்க."

பல் வந்துவிட்டது. பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே தாளை உரிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் போய், நான் படுத்திருந்த அதே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். வாயில் பஞ்சோடு அழுதுவிட்டேன்.