மூடாமல் விட்ட ஸ்லாப்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் இசக்கிமுத்து குப்பை கூட்டிய காலத்தில், அவனைப்போல் சீக்கிரம் வேலை முடிப்பவன் கிடையாது. கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, சுத்தக் களவாணித்தனம். கூட்டியதை வண்டியில் ஏற்றாமல், சாக்கடை ஓடையை மூடியிருக்கும் கான்கிரீட் ஸ்லாபைக் கம்பியால் நெம்பி உள்ளே தள்ளிவிடுவான். கடலை ஒட்டிய காயலில் நீர் வற்றும் நேரத்தில் ஓடைத் தண்ணீரோடு குப்பையும் போய்விடும். ஸ்லாபைப் பிறகு மூடிக்கொள்ளலாம் என்று அப்படியே போட்டுவிட்டு, மனைவி மாடத்தியைக் கூட்டிக்கொண்டு எறணாகுளம் போகும் படகுக்கு, அந்த ஊர்ப் பேச்சில் போட்டுக்கு, ஓடுவான்.

என்ன நாட்கள் அவை. மிளகும் சுக்கும் மணக்கிற தெருவில் மாடத்தி அவனை முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். போட்டில் ஓரத்து சீட்டுக்குச் சண்டை போடுவாள். காயலில் கையை நனைத்து அவன் சட்டையில் துடைப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் காயல் ஏறித் தெருவுக்குள் வந்துவிட்டது. அவனுக்குச் சோறு கொண்டுவந்த மாடத்தி, கலங்கல் தண்ணீருக்கடியில் திறந்து கிடந்த ஓடைக்குள் காலை விட்டாள். முட்டி நொறுங்கிப்போனது.

"ஆருடா இந்த ஸ்லாப எடுத்துப் போட்டது?" என்று மேஸ்திரி ஷாஜி கத்தினார்.

"நான்தான் சேட்டா."

சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த வேலை கொஞ்ச நாளில் திரும்பக் கிடைத்தது. மாடத்தியின் நடை கிடைக்கவில்லை. பிறகு காயலில் மண் மேடு தட்டி, போட்டு ஓடுவதும் நின்றுபோனது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இனி அவள் போட்டுக்குக் கூப்பிட மாட்டாள் என்று அது அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது வாட்டர் மெட்ரோ என்று புதுப் போட்டு விட்டிருக்கிறார்கள். "ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. ஓரத்து சீட்டு வேணும்" என்றாள் மாடத்தி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை அவன் தோளில். படகுத்துறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, போட்டும் நின்றுகொண்டிருந்தது. பார்த்தால், வழியில் எவனோ ஒரு ஸ்லாபை நகர்த்திப் போட்டிருக்கிறான்.

இசக்கிமுத்து நின்றுவிட்டான். அதை மூடப் போனால் போட்டு போய்விடும், இன்றைக்கும் இவளை ஏமாற்றுவதா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

மாடத்தி ஒரு கடைப்படியில் உட்கார்ந்தாள். "என் மூஞ்சில என்ன இருக்கு? மூடிட்டு வாங்க. அடுத்த போட்டு வரும்."

பக்கத்துக் கடையில் கம்பி வாங்கி, மூச்சு வாங்க வாங்க நெம்பித் தள்ளினான். போட்டு போய்விட்டது. மாடத்தி எழுந்து வந்து, ஊன்றுகோலால் ஸ்லாபைத் தட்டிப் பார்த்தாள். பிறகு நொண்டிக் காலை அதன் மேலேயே வைத்து படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.