எத்தனை நிமிஷம் சிஸ்டர்

"காலையில எந்திரிச்சா விரல் மடங்க எத்தனை நிமிஷம் ஆகுது?"

இருமலுக்கு மருந்து வாங்க வந்தவரிடமும் சிஸ்டர் இதைத்தான் கேட்பார். கேட்டபடியே விரல் முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு ‘எத்தனை நிமிஷம் சிஸ்டர்’ என்றே பெயர். சீட்டு எழுதும் மேசையில் உட்கார்ந்து ஆறு வருடமாகக் கேட்கிறேன், காது புளித்துவிட்டது.

ஒழுங்கான பதில் மட்டும் வராது. "வயசானா அப்படித்தான்" என்பார்கள். "ஒரு ஊசி போடுங்க, போயிடும்" என்பார்கள். "நிமிஷத்தைக் கேட்டா வயசைச் சொல்றீங்களே" என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். முழங்கால் தேய்ந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நீட்டி மடக்கச் சொல்லித் தருவார். அவர் எதிரில் பத்துத் தடவை செய்வார்கள். வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் தையல்காரம்மா. அவருக்கு இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் மடங்குவதில்லை. தேய்மானம் என்றால் சில நிமிஷத்தில் மடங்கிவிடும், இவ்வளவு நேரம் ஆனால் முடக்குவாதம், பெரிய ஆஸ்பத்திரி மருந்தை உடனே தொடங்காவிட்டால் விரல் கோணிவிடும், அப்புறம் தையல் மெஷினைத் தொட முடியாது என்று சிஸ்டருக்குப் பயம். டாக்டர் வீக்கத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவார். அந்தம்மாவோ மூன்று மாதத்தில் மூன்று முறையும் வலி மாத்திரையைப் போட்டு, குளித்து, தலை வாரி, பதினோரு மணிக்கு வந்தார். டாக்டர் முன்னால் விரல்கள் சமர்த்தாக மடங்கின. "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்று அனுப்பிவிட்டார்.

"மாத்திரையை ஏம்மா போட்டீங்க?"

"டாக்டர் முன்னாடி முனகிக்கிட்டா நிக்கறது? ஒரு மரியாதை வேணாமா?"

"மரியாதையை வீட்டுல வச்சுட்டு வாங்க. நாளைக்கு மாத்திரை கிடையாது, குளியல் கிடையாது. எட்டு மணிக்கு டாக்டரை நான் பிடிச்சு வைக்கிறேன்."

மறுநாள் டீ கூடக் குடிக்காத எரிச்சலில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா தலைவிரிகோலமாக வந்தார். சீப்பைப் பிடிக்க முடியவில்லையாம். வெட்கத்தில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டர் விரலைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நிமிஷம் இப்படி இருக்கும்?" என்று டாக்டரே கேட்டார். பதில் வருவதற்குள் கடிதத்தாளை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

"முதல் தடவையே இப்படி வந்திருந்தா மூணு மாசம் வீணாகியிருக்காது" என்று சிஸ்டர் சிடுசிடுத்தார். சிடுசிடுத்துக்கொண்டே தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, தையல்காரம்மாவின் பின்னால் போய் நின்று, சிக்கெடுக்கத் தொடங்கினார்.