எஸ்தர் அக்காவின் கண் முகாம்

விசைத்தறி ஓடும்போது போன் மணி காதில் விழாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவி முத்துலட்சுமி கொட்டகை வாசலில் நின்று கையைக் காட்டுவாள், நான் வெளியே போவேன். போன மாதம் ஒரு காலையில் அவள் நேராக உள்ளே வந்து, தானே மோட்டார் சுவிட்சை அணைத்தாள். "எஸ்தர் அக்கா போயிட்டாவளாம். காலையில டீ போட எந்திரிச்சவங்க, அப்படியே அடுப்படியில உக்காந்துட்டாவளாம்" என்றாள். அறுந்து கிடந்த இழையைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் எஸ்தர் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. உங்களில் சிலருக்கு அவர் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். பலருக்குத் தேவாலயப் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, வருஷா வருஷம் இலவசக் கண் முகாம் நடத்தியவர். எனக்கு அவர் யார் என்பதைச் சொல்ல, நான் செய்த ஒரு அற்பத்தனத்தையும் சொல்லியாக வேண்டும்.

பதினோரு வருஷம் முன்பு அந்தப் பெண்கள் ஐக்கியம் முதல் முகாமை அறிவித்தபோது, அதை எதிர்த்துத் தெரு முழுக்கப் பேசியவன் நான்தான். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் பஜனைக் குழுவுக்கு நான் செயலாளர். "கண்ணைப் பாக்கேன்னு கூப்பிட்டு ஆளை அவங்க மதத்துக்குப் பிடிச்சிருவாங்க" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னேன். சொன்ன எனக்கே அப்போது கண் சரியாகத் தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு கண்ணிலும் பனி மூடியதுபோல் இருந்தது. அறுந்த இழை தெரியாமல் சேலையில் பழுது விழும். நூல் சரியில்லை என்று முதலாளியிடம் பொய் சொல்லுவேன். உண்மை தெரிந்தால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

அப்படியிருக்க, எஸ்தர் அக்கா ஒரு சாயங்காலம் பஜனை மடத்துக்கே வந்துவிட்டார். நான் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "தம்பி, எங்ககிட்ட டாக்டர் இருக்காவ, சேர் இல்ல. உங்க மடத்துல அம்பது சேர் கிடக்கு. நீங்க உதவுனாத்தான் முகாம் நடக்கும்" என்றார். உதவி கேட்டு வந்தவரிடம் எப்படி முறைத்துக்கொள்வது? "பேனர்ல உங்க சபை பேரு போடக்கூடாது, ஜெபம் பண்ணக்கூடாது" என்று நிபந்தனை போட்டேன். "பேனரே வேண்டாம். ஜெபத்தை வீட்டுலயே முடிச்சிட்டு வாரோம்" என்றார். நாற்காலி கொடுக்கச் சம்மதம் என்று கோடு போட்ட ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார்.

முகாம் தேவாலய வளாகத்தில் நடந்தது. குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள் செருப்பை வெளியே விட்டு, தட்டில் தேங்காய் பழத்தோடு வந்து நின்றார்கள். சாமி இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு எப்படி வருவது என்பது அவர்கள் நியாயம். போதகர் திகைத்துப் போனார். அக்கா ஒவ்வொரு தட்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மத்தியானம் பழமெல்லாம் வந்தவர்களுக்கே போயிற்று, தேங்காயெல்லாம் சட்னியாயிற்று. அந்தச் சட்னியில் நான் ஆறு இட்லி தின்றேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் காலையில் கதையே வேறு. வந்த கூட்டம் பரிசோதனை நாற்காலிப் பக்கம் போகப் பயந்து மரத்தடியில் நின்றது. நாற்காலிக்குக் காவல் என்ற பெயரில் நானும் ஒதுங்கி நின்றேன். அக்கா என்னிடம் வந்தார். "ஜனங்க பயப்படுதாவ, தம்பி. எங்க ஆளு யாராவது உக்காந்தா நம்ப மாட்டாவ. செயலாளர் நீங்க முதல்ல உக்காந்து காட்டணும்." எனக்கு ஒரே பெருமை. விறைப்பாகப் போய் உட்கார்ந்தேன். ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். அட்டையில் மேலே இருந்த பெரிய எழுத்துக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் டாக்டர். ஊர் பார்க்க உட்கார்ந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா என் முன்னால் வந்து என்னை மறைத்து நின்றுகொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாத்தீங்களா, பாட்டுப் பாடுத செயலாளருக்கே புரை இருக்கு. அவரே வந்து தைரியமா உக்காந்துட்டாரு. வாங்க மக்கா, வரிசையா வாங்க." வரிசை நகர்ந்தது. அன்று முதல் ஊருக்கு நான் தைரியசாலி.

முதலாளியிடமும் அவரே போனார். "கண்ணு தெளிஞ்சா தறி முன்னவிட நல்லா ஓடும்லா, ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்லி, அறுவை சிகிச்சை முடிந்து நான் திரும்பும்வரை என் தறி வேறு ஆளுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் அதே கொட்டகையில்தான் இருக்கிறேன். மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள்.

அக்காவுக்குக் கோபமும் வரும். கண்ணில் கட்டோடு இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி ஒரு தம்பி போட்டோ எடுத்தபோது, "படம் புடிக்கவால வந்தாவ? பார்வைக்குல்லா வந்திருக்காவ" என்று போனைப் பிடுங்கிக்கொண்டார். அதிலிருந்து முகாமில் போட்டோ கிடையாது. மூன்றாம் வருஷத்திலிருந்து முகாம் ஒரு வருஷம் தேவாலயத்தில், மறு வருஷம் எங்கள் மடத்தில் என்றாயிற்று. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் மோர் ஊற்றும்போது அவர்கள் ஐக்கியத்துப் பெண்கள் வந்து டம்ளர் கழுவிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன். "அக்கா, எனக்குக் கண்ணு தெரியலன்னு தெரிஞ்சுதான அன்னைக்கு உக்கார வச்சீங்க?" சிரித்தார். "நீங்க போட்ட கையெழுத்துல கோடு ஒரு பக்கம் கிடந்துச்சு, பேரு ஒரு பக்கம் கிடந்துச்சு. வாங்க, பாக்கேன்னு கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?" வந்திருக்க மாட்டேன். வீம்பிலேயே குருடாகியிருப்பேன்.

அடக்கத்தன்று அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியின் சின்னத் தழும்புவரை தெளிவாகத் தெரிந்தது. அக்கா, என் இரண்டு கண்ணும் நீங்கள் கொடுத்தவை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். உதவி தேவைப்படுகிறவரிடம் போய் நாம் உதவி கேட்பது. அது எனக்கு வருமா என்று தெரியாமலே, இந்த வருஷ முகாம் முடிந்த அன்று சாயங்காலம் அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். அடக்கத்துக்குப் பிறகு வாசல் தாண்டவில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று சொன்னார்கள். தாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஆபரேஷனுக்குப் போறவங்கள பஸ்ல ஏத்தி விட ஆளு இல்ல. வயசானவங்க படியில கால் வைக்கவே பயப்படுதாவ. நீங்க வந்தாத்தான் முடியும்" என்றேன்.

"அவளே போயிட்டா. எனக்கு என்னவே முகாமு?"

எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"வே, சண்முகம். பஸ்ஸு எத்தன மணிக்கு?"

ஏழு மணிக்கு என்றேன். மறுநாள் ஆறரைக்கே முகச்சவரம் செய்துகொண்டு வந்து நின்றார்.