ரயில் ஓடியது, பாடம் ஓடவில்லை

கடவுச்சொல் அடிக்கும் நேரம் வந்தால் சபூரா எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலியோரத்து முருங்கையைப் பார்த்தபடி நிற்பார். வந்தவள் பதறி நாலு தரம் பிழையாக அடித்தாலும் அவசரப்படுத்த மாட்டார். "முடிஞ்சா?" என்று கேட்டு, "ஓம் தாத்தா" என்று பதில் வந்த பிறகுதான் கதிரைக்குத் திரும்புவார். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுகிற ஊர் அது. தாத்தா என்றதும் நாற்பத்தாறு வயதுக்காரரைக் கிழவராக்கிவிட வேண்டாம்.

ஓட்டமாவடியில் கணினி திருத்தும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பெண்பிள்ளைகளின் மடிக்கணினி என்றால் அது பையில் சுற்றி, பஸ் ஏறி, சபூரா வீட்டு முன்னறைக்கே வந்து சேரும். அதற்கொரு காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சபூரா தன் கணினியை எங்கோ திருத்தக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தவன் சிரித்துக்கொண்டே, "ஒங்கட கலியாணப் படமெல்லாம் வடிவா இரிக்கி" என்றானாம். வீட்டுக்கு வந்த சபூரா ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தவர்தான், இன்னும் கீழே வைக்கவில்லை. எதைத் திருத்தினாலும் வந்தவர்களின் ஒரு கோப்பைக்கூடத் திறப்பதில்லை. கேட்டால், "நான் கதவ மட்டுந்தான் திருத்துவன், வீட்டுக்க வரமாட்டன்" என்பார்.

தேய்ந்து ஓய்ந்த இயந்திரம் எது வந்தாலும் அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுவது அவர் கைவழக்கம். "காசு கேக்காது, வைரஸும் லேசுல அண்டாது, கெழட்டு மெசினும் எழும்பி நடக்கும்" என்று மாப்பிள்ளைக்குப் பெண் பேசுகிற மாதிரி அதன் புகழ் பாடுவார். வீடியோ சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவும் பிறர் படம் வேண்டாம் அவருக்கு. சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார்: பாலத்தடியில் நின்று கைப்பேசியில் தானே எடுத்த, நாற்பது விநாடி நீளமான ரயில் படம். ரயில் பெட்டிகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கடந்தால் இயந்திரம் சுகம். ஜன்னல் கிழிந்தாலும் குதித்தாலும் நோய் இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக அந்த ரயில் சபூராவை ஏமாற்றியதில்லை.

பனிச்சங்கேணியிலிருந்து கோகுலராஜும் தங்கை சுதர்சனாவும் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் களப்பு ஏரியில் மீன் பிடிப்பவர். தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது. "படம் வெட்டி வெட்டி ஓடுது அக்கா" என்றார் கோகுலராஜ். என்ன படம் என்று சபூரா கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமில்லையே. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சுதர்சனா பயிற்சி எடுக்கிறாள். பாடமெல்லாம் சைகை மொழி வீடியோவில்தான். வருகிற திங்கட்கிழமை பரீட்சை, தேறினால் வேலை. பயிற்சி நிலையம் இரவல் கொடுத்த பழைய மடிக்கணினிதான் அது. லினக்ஸ் ஏற்கெனவே அதில் இருந்தது.

சுதர்சனா பையைத் திறந்து பாடங்கள் இருந்த பென்டிரைவை நீட்டினாள். சபூரா அதை வாங்கவில்லை. அவள் விரல்களை மடக்கி, பென்டிரைவை அவள் கைக்குள்ளேயே பொத்திக் கொடுத்து, "ஒங்கட சாமான் ஒங்களோடயே இரிக்கட்டும் மகள்" என்றார். என்ன மரியாதை பாருங்கள். அந்த மரியாதைதான் பிழையாகப் போனது.

வேலையில் குறை சொல்ல முடியாது. பின்மூடியைக் கழற்றிக் காற்றாடியில் அப்பியிருந்த தூசியையும் கடல் உப்பையும் தூரிகையால் தட்டி எடுத்தார். புரொசசர் சூடேறாமல் இருக்கப் பசை மாற்றினார். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருள் இல்லாமலிருந்ததைக் கண்டு அதையும் ஏற்றினார். பிறகு ரயிலை ஓடவிட்டார். ஜன்னல்கள் எண்ணிவிடக்கூடிய தெளிவில் கடந்தன. "சுகமாயிட்டு. கொண்டு போங்க" என்று அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இருவரும் திரும்பி வந்தார்கள். சுதர்சனாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. நடந்ததைக் கோகுலராஜ் சொன்னார். ஒரு துப்புரவு மருந்து ஊற்றிய வாளியை நன்றாக அலசிவிட்டுத்தான் அடுத்த மருந்தை ஊற்ற வேண்டும் என்பது பாடம். அலசுகிற இடத்தைத் திரை தாண்டிக் குதித்துவிட்டது. இவள் பார்த்தது பார்த்தபடி செய்தாள். புகை கிளம்பி, இருமி, கண்ணெரிந்து, பயிற்சி அறையையே காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. திங்கட்கிழமை இன்னொரு பிழை நடந்தால் ஆளை மாற்றிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்.

சபூரா மடிக்கணினியை வாங்கி மறுபடி ரயிலை ஓடவிட்டார். அழகாகத்தான் ஓடியது. இன்னொரு தரம் விட்டார். கோகுலராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"உங்கட ரயில் நல்லாத்தான் ஓடுது அக்கா. இவள்ட பாடந்தான் ஓடுதில்ல."

சபூராவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருட வைராக்கியம் ஒரு பக்கம், எரிந்து சிவந்த கண் ஒரு பக்கம். பிறகு அண்ணனைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்து, பென்டிரைவுக்காக உள்ளங்கையை விரித்து நீட்டினார். சுதர்சனா அதில் வைத்தாள்.

பாடம் திறந்தது. சத்தமே இல்லாத படம். ஒரு பெண் கையை உயர்த்துகிறாள், அடுத்த கணம் கை மடியில் கிடக்கிறது. இடையில் அந்தக் கை என்ன சொன்னதென்று எவருக்குத் தெரியும்? பாட்டோ படமோ வெட்டினால் போனால் போகட்டும் என்று விடலாம். இங்கே வெட்டுப்படுவது பேச்சே அல்லவா! சபூரா திரையின் ஓரத்தில் புரொசசரின் சுமையைக் காட்டும் பெட்டியைத் திறந்தார். கோடுகள் எல்லாம் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றன. விளங்கிவிட்டது. பாடங்களைப் புது முறையில் சுருக்கிப் பதிந்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கை அவிழ்க்க இந்தப் பழைய கிராபிக்ஸுக்குத் தெரியாது. பாரமெல்லாம் புரொசசர் தலையில். அது தாங்கமாட்டாமல் படங்களைத் தவறவிட்டுக்கொண்டே ஓடுகிறது. ரயில் படமோ பழைய முறையில் சுருக்கியது. அது ஓடாமல் என்ன செய்யும்?

"என்ட பிழ மகள்" என்றார் சபூரா. "ஒங்களுக்கு நோவு எங்கயெண்டு பார்க்காம நான் மருந்து கட்டிட்டன்." கோகுலராஜ் அதைக் கையால் சொல்லத் தொடங்குமுன்னே சுதர்சனா தலையை ஆட்டினாள்.

மொத்தம் நாற்பத்திரண்டு பாடம். தன் பெரிய கணினியில் எல்லாவற்றையும் பழைய முறைக்கு மாற்றிப் பதிய உட்கார்ந்தார் சபூரா. கெதியில் முடியட்டும், இயந்திரத்துக்கும் பாரம் குறையட்டும் என்று விநாடிக்கு ஓடும் படங்களைப் பாதியாக்கினார். முதல் பாடம் முடிந்து ஓடவிட்டால் எண்ணெய் ஊற்றினாற்போல் ஓடியது. சபூராவுக்குத் திருப்தி. ஆனால் இந்த முறை தன் கண்ணை அவர் நம்பவில்லை. திரையைச் சுதர்சனா பக்கம் திருப்பிவிட்டு, அவள் கையைப் பார்த்தபடி இருந்தார். பாடத்தோடு சேர்ந்து சுதர்சனாவின் கைகளும் அசைந்தன. எழுத்து எழுத்தாக விரலால் ஒரு பெயரைச் சொல்லும் இடத்தில் அவை திகைத்து நின்றன. ஓடித் திரிகிற விரலைப் பிடிக்கப் பாதிப் படம் போதவில்லை.

சபூரா அதை அழித்துவிட்டு, படம் ஒன்றுகூடக் குறையாமல் முதலிலிருந்து தொடங்கினார். வயல் வட்டையிலிருந்து பசியோடு வந்த கணவர் ஜிப்ரி நிலைமையைப் பார்த்தார், சத்தம் போடாமல் குசினிக்குப் போய் வந்தவர்களுக்கும் சேர்த்துச் சோறு போட்டார். ஒவ்வொரு பாடமும் முடிய முடியச் சுதர்சனா மடிக்கணினியில் பார்ப்பாள், சபூரா அவள் கையைப் பார்ப்பார். கை நிற்காமல் ஓடினால் அடுத்தது. பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்ன நேரம் நாற்பத்திரண்டாவது பாடமும் நிற்காமல் ஓடியது. கடைசி பஸ்ஸுக்கு அவர்களை ஏற்றிவிட்டு வந்து தொழுதார். தொழுகை முடிவில் கேட்கும் துஆ அன்றைக்கு நீண்டதாக ஜிப்ரி சொல்கிறார்.

திங்கட்கிழமை சபூராவுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கழற்றியதைப் பூட்டினார், பூட்டியதைக் கழற்றினார். பின்னேரம் மூன்றரை போலக் கைப்பேசி அடித்தது. கோகுலராஜின் எண், வீடியோ அழைப்பு. எடுத்தால் சுதர்சனாவின் முகம். கை மேலே எழுகிறது, படம் உறைகிறது. மறுபடி முகம், மறுபடி உறைவு. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் இல்லை. சபூரா எழுந்து முற்றத்துக்கு வந்தார். அங்கேயும் வெட்டியது. செருப்பைத் தேடாமல் படலையைத் திறந்துகொண்டு, கைப்பேசியைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஒழுங்கைச் சந்துக்கே போய்விட்டார்.

மின்கம்பத்தடியில் படம் சரிந்து நேரானது. சுதர்சனா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முஷ்டியின் மேல் மறு முஷ்டியை இரண்டு தரம் வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு பாடமும் 'வேலை' என்ற தலைப்பெழுத்தும் அந்தச் சைகையுமாகத்தான் தொடங்கியது. நாற்பத்திரண்டு தரம் அதைப் பார்த்த சபூராவுக்கு அண்ணன் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலை. வேலை கிடைத்துவிட்டது.

பின்னால் ஆட்டோக்காரன் வழி கேட்டு ஹோன் அடித்தான். சபூரா நகரவில்லை. பதில் சொல்ல இரண்டு கையும் வேண்டுமே! கைப்பேசியை எதிர்வீட்டு மதில்மேல் சாய்த்து வைத்தார், முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார், பிறகு நடு ஒழுங்கையில் வெறுங்காலோடு நின்றபடி இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தினார்.