பந்திக்கு முந்திப் போட்ட ஊசி

நோய் வருத்தம் வந்த பிள்ளையை ஒளித்து வைக்கிற வீட்டில் புத்திக்குப் பஞ்சம் என்று நான் அப்போதே சொன்னேன். கேட்க ஆளில்லை. வீடு என்னுடையது. வேலணையில் இப்படி ஒரு வீடு என் வயதுக்காரர் வேறு எவரும் கட்டவில்லை. இருந்தும் அதற்குள் என் சொல் எடுபடாது, ஏனென்றால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மகள் பட்டதாரி, மருமகன் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம். படித்தவர்கள்.

படிக்காத நான் சின்ன வயதில் தெற்கே மாத்தறைக்குப் போய் ஒரு சுருட்டுக் கடையில் தரை கூட்டினவன். பிறகு அந்தக் கடைக்கே முதலாளி ஆனவன். கலவரங்களில் இரண்டு தரம் எரித்தார்கள், மூன்றாந் தரமும் திறந்தேன். சிங்களம் எழுத வராது. ஆனால் நான் கதைத்தால் மாத்தறைக்காரனே என்னை எந்தத் தெரு என்று கேட்பான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், விற்க வருகிறவனை எனக்குத் தெரியும். அவன் வாய் திறக்க முந்தியே தெரியும்.

பேத்திக்கு ஒன்பது வயது. போன வருஷக் கடைசியில் பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். மெலிந்தாள். ஒருநாள் மூச்சு இழுக்க, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினோம். அங்கே டொக்டர் பிள்ளை, கெட்டிக்காரி, ஆறுதலாக விளங்கப்படுத்தினாள்.

"இது உங்களைப் போல வயசு போன ஆக்களுக்கு வாற சீனி வருத்தம் இல்லை ஐயா. கிருமியளோட சண்டை பிடிக்க வேண்டிய கலங்கள், செல் எண்டுறது, கணையத்தை எதிரி எண்டு நினைச்சு அழிக்குது. இனி இன்சுலின் ஊசிதான் பிள்ளைக்குச் சீவன். நிப்பாட்டினால் கொஞ்ச நாளிலேயே உயிருக்கு மோசம்."

காவலுக்கு நிற்கிறவனே வீட்டுக்காரனை அடிக்கிற கதை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை இரண்டாந் தரம் சொல்லத் தேவையில்லை.

திரும்பி வரும்போது, ஏறி வந்த வான் தீவுக்கு வருகிற பண்ணைப் பாலத்தைத் தாண்ட முந்தியே மருமகன் சட்டம் போட்டார். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இடைஞ்சல். பிள்ளைக்கு விழுந்த பல்லே இன்னும் முளைக்கவில்லை, இவர் கலியாணத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இன்சுலின் பிறிஜ்ஜின் அடித்தட்டில், வெறும் மாஜரின் பெட்டிக்குள். பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. அயலட்டைச் சனம் நல்ல சனம். பூச்சி மருந்து கொண்டு வந்து தந்தது, மகளும் நன்றி சொல்லி வாங்கி வைத்தாள். விசேஷ வீடுகளில் தாயும் பிள்ளையும் கள்ளரைப் போல ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். லண்டனில் இருக்கிற என் மகனுக்குக்கூட அறிவிக்கவில்லை. அவன் பெண்சாதிக்கு வாய் பெரிதாம்.

நானே அவனுக்கு எடுத்துச் சொன்னேன். டெலிபோன் என் கையிலும் இருக்கிறது.

மகன் ஒரு கிழமை கழித்து விசாரித்துவிட்டுத் திரும்ப டெலிபோன் எடுத்தான். "அப்பா, இஞ்சை ஒரு வைத்தியம் சோதிச்சுப் பாக்கினம். சண்டை பிடிக்கிற கலங்களை அடக்கி வைக்கிற கலங்களும் ரத்தத்தில கொஞ்சம் இருக்காம். அதுகளைப் பிரிச்செடுத்து, ஆய்வுகூடத்தில பெருக்கி, அந்தப் பிள்ளைக்கே திரும்ப ஏத்தினம். கணையத்தில மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்தலாமோ எண்டு பாக்கத்தான்."

"ஊசியை விடலாமோ?"

"இல்லை. ஊசி போட்டபடிதான்."

"எங்கட பிள்ளையை எடுப்பினமோ?"

"ஏலாது அப்பா. இஞ்சை இருக்கிற பிள்ளையளைத்தான் எடுக்கினம். அதுவும் வருத்தம் கண்டு கன காலம் போகாததுகளை."

"பலிக்குமோ?"

"தெரியாது எண்டுதான் அவையே சொல்லுகினம்."

தெரியாது என்று சொல்கிறவனிடம் நம்பிச் சாமான் வாங்கலாம். கடை நடத்தின காலம் முழுக்க நான் அப்படித்தான் வாங்கினேன். இதை வீட்டில் சொன்னதுதான் தாமதம், மருமகன் பாதியைப் பிடித்துக்கொண்டார். கலம் எடுத்துப் பெருக்கி ஏற்றினால் சுகம் என்ற பாதி. தெரியாது என்ற பாதி அவர் காதுக்குள் போகவில்லை. போனை நோண்டி நோண்டி, வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் பிடித்து அனுப்புகிற ஒருவனைக் கண்டுபிடித்தார்.

அவன் சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு வந்தான். மருமகன் யன்னல்களைச் சாத்தினார். உள்ளே வேர்த்துக் கொட்டியது, கோட்டுக்காரன் கழற்றவில்லை.

"உங்கட பிள்ளையின்ர கலத்துக்கு நாங்கள் பாடம் சொல்லிக் குடுத்து ஏத்துறம். நூற்றுக்கு நூறு சுகம். போக முந்தியே ஊசியை மெல்ல மெல்லக் குறைச்சு நிப்பாட்டிப் போடுவம். சிங்கப்பூர் பாக்கப் போறம் எண்டு ஊருக்குச் சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் தெரிய வராது."

நான் மருமகனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுகம் என்றபோது வராத வெளிச்சம், ஒருத்தருக்கும் தெரிய வராது என்றபோது வந்தது.

"ஊசியை நிப்பாட்டிப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?" என்று கேட்டேன்.

"அப்படி நடக்காது ஐயா."

"தெரியாது எண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

அவன் சிரித்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினான். "ஐயாவுக்கு வயசு போயிட்டுது."

டொக்டர் பிள்ளை சொன்னதை அவன் போன பிறகு ஞாபகப்படுத்தினேன். "மாமா, உங்களுக்கு இது விளங்காது" என்றார் மருமகன். அம்மன் திருவிழா முடிய முற்பணம் என்று முடிவாயிற்று. முதலில் நயினாதீவுக்குப் போய் அந்த அம்மனுக்கு நேர்த்தி வைக்க வேண்டுமாம், பிறகு ஊசியைக் குறைக்கத் தொடங்குவார்களாம். அம்மனையும் கோட்டுக்காரனையும் ஒரே கணக்கில் சேர்த்த புத்தியை நான் என்ன சொல்ல.

ஆனி மாதம். குறிகட்டுவான் இறங்குதுறையில் மூச்சு விட இடமில்லை. படகில் நசுங்கிக்கொண்டு போய் இறங்கினோம். அம்மனைக் கும்பிட்டு முடித்ததும் அன்னதான மடத்துக்குச் சனம் இழுபட்டது. எங்கள் ஆட்கள் மட்டும் மடத்துக்குப் பின்னால் போனார்கள். அங்கே மருமகன் சால்வையை விரித்து மறைப்புப் பிடிக்க, மகள் பிள்ளைக்குச் சாப்பாட்டு ஊசியைப் போட்டாள். வெகு கெட்டித்தனம். இலைக்கு முன்னால் போட்டால் சனம் காணும் அல்லவா.

திரும்பி வந்தால் பந்தி நிறைந்து கதவு சாத்தியாயிற்று. அடுத்த பந்திதான். எந்தத் திருவிழாவிலும் அப்படித்தான், இது தெரியாதவன் தீவானே இல்லை. ஊசி போட்டால் உடனே சோறு வேண்டும் என்பதும் இவர்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் ஆளில்லை.

நின்றோம். உள்ளே சோறு கேட்டார்கள், சாம்பார் கேட்டார்கள், பாயசம் கேட்டார்கள். பிள்ளைக்கு நெற்றி வேர்த்தது. உதடு வெளிறியது. மகளின் கைப்பைக்குள் இப்படி வந்தால் கொடுக்கிற இனிப்பு டொபி இருந்தது. ஆனால் பக்கத்தில் மருமகனின் பெரியம்மா நின்றார். தீவுப்பகுதியில் பாதிக் கலியாணம் அவர் வாயால்தான் நடக்கும், மற்றப் பாதி அவர் வாயால்தான் குழம்பும். அதோடு, மடத்துச் சோறு சாப்பிடும்வரை முழு வீடும் விரதம் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மகள் பைக்குள் கையை விட்டபடி நின்றாள், எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறும், கதவு திறக்கப் போறாங்கள்" என்று மருமகன் மெல்லச் சொன்னார்.

"அம்மப்பா, கண் இருட்டுது" என்றாள் பிள்ளை.

என் குரல் மாத்தறைச் சந்தையில் அடுத்த தெருவுக்குக் கேட்ட குரல். "சர்க்கரைத் தண்ணி கொண்டாங்கோ, பிள்ளைக்குச் சீனி வருத்தம்" என்றேன். மடம் முழுக்கத் திரும்பியது.

வரிசையில் ஒருவன் கேட்டான். "அண்ணை, சீனி வருத்தத்துக்கு ஆரும் சீனி குடுக்கிறவையோ?" நாலு பேர் சிரித்தார்கள்.

"ஊசி போட்டாச்சு, சோறு வரேல்லை. சீனி இறங்கிப் போச்சு. நீர் சிரிச்சு முடிச்சிட்டு வழியை விடும்."

தண்ணீர்ப் பந்தல்காரர் செம்போடு ஓடி வந்தார். பிள்ளை குடித்தாள், இன்னும் வாங்கிக் குடித்தாள். என் மடியில் சாய்ந்து கிடந்தாள். மெல்ல மெல்ல முகத்தில் இரத்த ஓட்டம் திரும்பியது.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "பூச்சி எண்டெல்லோ சொன்னவை?"

"ஓம், பூச்சிதான்" என்றேன். "இப்ப நல்லா வளந்திட்டுது."

மருமகன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் அந்தச் சால்வை.

திரும்பும் படகில் ஒவ்வொரு வாயும் ஒரு வைத்தியசாலை. பாகற்காய், வெந்தயம், நாவற்கொட்டை, மாமியாருக்குச் சுகமான ஏதோ ஒரு பட்டைக் கசாயம். குறிகட்டுவான் வருமுன் பிள்ளையைப் பத்துத் தரம் குணமாக்கிவிட்டார்கள். மருமகன் இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தார். வெறும் வாய். அதற்குப் போய்ப் பிள்ளையின் உயிரை வரிசையில் நிற்க வைத்தார்.

அடுத்த கிழமை கோட்டுக்காரன் முற்பணத்துக்கு வந்தான். யன்னல்கள் திறந்தே கிடந்தன. சாப்பாட்டு நேரம். பிள்ளை வந்து மேசையில் மாஜரின் பெட்டியைத் திறந்து, விரலில் குத்திப் பார்த்து, தாய் ஊசியின் அளவைச் சரிபார்க்க, எல்லோர் முன்னாலும் தானே வயிற்றில் போட்டாள்.

"இதை இண்டையில இருந்தே குறைப்பம்" என்றான் அவன்.

மருமகன் பிள்ளையைப் பார்த்தார். மடத்தடியில் வெளிறின முகத்தை நினைத்திருப்பார். "குறைச்சு ஏதும் பிழை நடந்தால்?" என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. பட்டதாரி வீட்டில் அது வர இத்தனை மாதம்.

"பிழை ஒண்டும் நடக்காது. நூற்றுக்கு நூறு. ஒருத்தருக்கும் தெரியாமல்..."

"ஊருக்கெல்லாம் தெரியும்" என்றார் மருமகன். "நாங்கள் ஊசியோடையே இருக்கிறம். நீங்கள் போயிட்டு வாங்கோ."

மருமகனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஒளிக்க ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் அவனிடம் வாங்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவ்வளவுதான். கோட்டுக்காரனுக்கு ஒரு வெறும் தேத்தண்ணி கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பினோம்.

அவன் போன பிறகு பிள்ளை கேட்டாள். "லண்டன் மாமா சொன்ன கலம் ஏத்திறது இஞ்சை வந்தால், எனக்கு ஊசி தேவைப்படாதோ அம்மப்பா?"

என்னிடம் எதைக் கேட்டாலும் மறுமொழி இருக்கும். ஊரே சொல்லும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது மோனை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, மாஜரின் பெட்டியை மூடி, பிறிஜ்ஜின் மேல்தட்டில் முன்னுக்கு வைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுச் சோற்றுக்கு இருந்தாள்.