மருமகளின் சுறாப் பற்கள்

கடலூர் துறைமுகத்தில் சுறா என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜம் அதுதான். படிப்பு அஞ்சாவதோடு சரி. தலையில் கூடை தூக்கினேன், சைக்கிள் வாங்கினேன், இன்றைக்கு ரெண்டு ஐஸ் வண்டி ஓடுகிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து குறிஞ்சிப்பாடி வரைக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா போனால் அது என் கடைச் சரக்காகத்தான் இருக்கும். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தால் போதும், என்ன சுறா, எதைத் தின்று வளர்ந்தது என்று சொல்லிவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட நான்தான் என் மருமகளின் ஆராய்ச்சியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

அவள் சிதம்பரத்தில் ஜியாலஜி ஆராய்ச்சி செய்கிறாள். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொறுக்கிய சுறாப் பற்களைப் பற்றி.

"அரியலூர்ல ஏதும்மா கடல்?" என்று சிரித்தேன்.

"இருந்துச்சு மாமா, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி. சுறாவுக்குக் கெட்டி எலும்பு கிடையாதே, வெறும் குருத்தெலும்பு, அது மக்கிப்போயிடும். பல்லு மட்டும்தான் நிக்கும்."

குருத்து விஷயம் அவள் பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஒரு பல் விழுந்தால் பின்வரிசைப் பல் முன்னால் வரும், ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி, அதுவும் தெரியும். விழுந்த பல் கல்லாகிக் கிடக்கும் என்பது மட்டும் தெரியாது.

கடைசி அத்தியாயத்துக்காகப் பொறுக்கி வந்த பற்களை, இன்னும் படம்கூட எடுக்காமல், மொட்டைமாடியில் காயவைத்துவிட்டுச் சிதம்பரம் போயிருந்தாள். ஆறு பொட்டலம், பொட்டலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, பல்லெல்லாம் மண். எங்கள் தொழிலில் அழுக்குச் சரக்குக்கு மரியாதை கிடையாது. பிள்ளைக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே பேசினில் கொட்டினேன். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று மூன்று கிண்ணத்தில் ரகம் பிரித்து வைத்தேன். பளபளவென்று இருந்தது.

சாயங்காலம் வந்தவள் கேட்டாள்: "மாமா, சீட்டெல்லாம் எங்க?"

"நனைஞ்ச காகிதம் எதுக்கும்மா? குப்பை வண்டியில போட்டாச்சு. பல்லு ஒண்ணுகூடக் குறையாது, எண்ணிப் பாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"ஆறு படகு மீனை ஒண்ணாக் கொட்டிட்டு, எது எந்தப் படகுதுன்னு கேட்டா சொல்லுவீங்களா மாமா?"

"அதெப்படிம்மா சொல்றது?"

"அதேதான் மாமா."

பிறகு விளக்கினாள். சுரங்கத்துப் பாறை அடுக்கடுக்காக இருக்குமாம், கீழே போகப்போகப் பழசாம், எந்தப் பொட்டலம் எந்த அடுக்கு என்று அந்தச் சீட்டில்தான் எழுதியிருந்தாளாம். கீழ் அடுக்கில் ஊசிப் பல் ஜாஸ்தி, வழுக்குகிற மீனைக் குத்திப் பிடிக்க. மேல் அடுக்கில் தட்டைப் பல் ஜாஸ்தி, சிப்பியை நொறுக்க. ஆழக்கடல் மெல்ல மெல்லக் கரையோரக் கடலாகியிருக்கிறது. இரை மாற மாற, அதற்குத் தோதான பல் உள்ளதுதான் பிழைத்துப் பெருகியிருக்கிறது. எந்தப் பல் எந்த அடுக்கு என்று தெரியாவிட்டால் இதில் ஒரு வார்த்தை எழுத முடியாது.

அன்றைக்கே அவளுடைய பேராசிரியர் போன் செய்தார். பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "ஸாரி சார், நான்தான் கவனமில்லாம வெச்சிட்டேன்" என்றாள். என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. எவ்வளவோ பேர் எனக்கு உதவி செய்திருக்கிறார்கள். செய்துவிட்டு ஊரெல்லாம் சொல்லாதவர்களைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் கிண்ணங்களோடு நானும் அவளுடன் சிதம்பரம் பஸ் ஏறினேன். யாருக்கும் கைகட்டாத ஆள் நான். அந்தப் பேராசிரியர் அறையில் கைகட்டி நின்றேன்.

"கழுவுனது நான் சார். புள்ள மேல தப்பு இல்ல."

அவர் ஒரு பல்லை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். "வேர்க் குழிக்குள்ள மண்ணு இருக்கே. நீங்க இன்னும் நல்லாத் தேய்ச்சிருக்கணும்" என்று சிரித்தார். அந்த மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிளிஞ்சல்கள் இருக்குமாம். எந்த அடுக்கு என்று அவை காட்டிக்கொடுக்குமாம். மேல் அடுக்குப் பல் பாதி தேறியது. கீழ் அடுக்குப் பல்லில் மண் மிஞ்சவில்லை, அதை மறுபடி பொறுக்கித்தான் ஆகவேண்டும். ரெண்டு மாதம் தவணை தந்தார்.

அடுத்த வாரம் ஐஸ் வண்டியிலேயே அவளை அரியலூருக்கு அழைத்துப் போனேன். மண்டையைப் பிளக்கிற வெயில், சுற்றிலும் வெள்ளைக் கல். சுறா போட்ட சோற்றில்தான் வீடு கட்டினேன், மகனைப் படிக்கவைத்தேன். அதன் பாட்டன் பூட்டனுக்காக வெயிலில் நின்றால் குறைந்தா போய்விடுவேன்? மத்தியானத்துக்குள் எனக்கு ஏழு பல், அவளுக்கு மூன்று.

"படிச்சவளுக்கு மூணு, படிக்காதவனுக்கு ஏழு" என்றேன்.

"ஏழுல ரெண்டு வெறுங்கல்லு மாமா."

மூன்றாம் முறை போனபோது, சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "போதும் மாமா. கீழ் அடுக்கு தேறிடுச்சு."

நின்ற இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.